மிச்சமான ஸ்பிரிங்

ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே முன்சீட்டுப் பேச்சு காதில் விழுந்தது.

"உங்க காரு கியர்பாக்ஸைத் திரும்ப மாட்டுனதுல ஒரு ஸ்பிரிங்கு மிச்சம் வந்திருக்கு மச்சான். பயப்படாதிய, அது தேவையில்லாத ஸ்பிரிங்கு."

சொன்னவருக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்தில் இருந்தவர் அவருடைய அக்கா புருஷன். இடது காலை மடக்காமல் நடைவழியில் நீட்டியிருந்தார்.

"தேவையில்லாததை கம்பெனிக்காரன் எதுக்கு மாப்ள கியர்பாக்ஸுக்குள்ள வச்சான்?"

"ஆட்டோமேட்டிக் வண்டியில எண்ணெயோட அழுத்தந்தான் கியரை மாத்துது. அந்த அழுத்தத்தை ஸ்பிரிங்கு பிடிச்சு வச்சிருக்கு. விறைப்பான ஸ்பிரிங்கா மாத்திட்டா கியர் வெடுக்குன்னு விழும். வீடியோ பூராம் பாத்துட்டுத்தான் கழட்டுனேன்."

"கியர் மெதுவா விழுதுன்னு நான் எப்பம் சொன்னேன்?"

"நீங்க சொல்ல மாட்டிய. எனக்குல்ல தெரியும்."

"இப்பம் காரு பின்னாடி மட்டுந்தான போகுது."

"பின்னாடி நல்லா போகுதுல்ல."

பஸ் டிரைவர் கடகடவென்று கியர் மாற்றினார். மாப்பிள்ளை உச்சுக்கொட்டினார். "லேட்டாப் போடுதாரு."

மாப்பிள்ளை விடவில்லை.

"பேசாம அந்தப் பாக்ஸைத் தூக்கிட்டு, கையால போடுற கியரா மாத்திருவோம். தொந்தரவே இருக்காது. இடது காலால கிளச்சை மட்டும் மிதிச்சாப் போதும்."

அந்த நேரம் பார்த்து கண்டக்டர் வந்து நின்றார். "காலைக் கொஞ்சம் மடக்குங்கண்ணே, ஆளு போகணும்ல."

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கண்டக்டருக்குப் பதில் சொன்னார்: "மடங்குச்சுன்னா நான் எதுக்குத் தம்பி ஆட்டோமேட்டிக் வாங்குதேன்?"