உள்ளங்கைச் சூடு

— ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சரியாப் பாருடி குட்டி. அம்பத்தெட்டா இருக்கும். உனக்குத்தான் ரெண்டும் அஞ்சும் ஒண்ணாத் தெரியுமே.

— அக்கா, நான் இதே ஆஸ்பத்திரியில பதினாலு வருஷமா நர்ஸு. ரெண்டு எது, அஞ்சு எதுன்னு எனக்குத் தெரியும். இருபத்தெட்டு. உன் இதயம் பம்ப் பண்றது இருபத்தெட்டு சதவீதம். அம்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும்.

— மெதுவாப் பேசு. ஸ்கேனுக்குக் காத்திருக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பார்க்கிறாங்க.

— அவங்க உன் குரலைக் கேட்டுத் திரும்புறாங்க.

— அது பழைய கதை. காலையில டோக்கன் குடுக்கிற பொண்ணு என்னைப் பார்த்து, “சார், ஆம்பளைங்க வரிசை அந்தப் பக்கம்”னுச்சு. நானும் சரிம்மான்னு போய் நின்னுட்டேன். அந்த வரிசை சின்னது. சீக்கிரம் நகர்ந்துச்சு.

— சிரிக்காதே. மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னே. பாடி பில்டிங் போட்டியை எல்லாம் விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு, உடம்பு தளர்ந்திருக்கும்னு நினைச்சேன். நாப்பத்திரண்டு வயசுல இப்படி ஒரு இதயமா? சுவரு தடிச்சு, வீங்கி... எழுபது வயசுக்காரங்களுக்குக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

— மேடையில தோள் பெரிசுன்னு கப்பு குடுத்தாங்க. உள்ளேயும் பெரிசாகியிருக்குன்னு இப்பத்தானே தெரியுது.

— அக்கா! டாக்டர் அவ்வளவு தூரம் கேட்டாரே, “முன்னாடி ஏதாவது மருந்து, ஊசி எடுத்துக்கிட்டீங்களா”ன்னு. ஏன் இல்லைன்னு சொன்னே?

— கேட்டார், சொன்னேன். விடு.

— எப்படி விடுறது? காரணம் தெரியலைன்னா நாளைக்குக் கழுத்து நரம்பு வழியா கம்பி விட்டு, இதயத்துலேருந்து சதை கிள்ளி எடுத்துப் பார்க்கணும்கிறார். இப்ப இருக்கிற நிலைமையில அந்தக் கம்பியே உனக்கு எமனாயிடும். வார்டைச் சுத்திட்டு பத்து நிமிஷத்துல வந்துடுவார். அதுக்குள்ள யோசிச்சு வைங்கன்னுட்டுப் போயிருக்கார்.

— கிள்ளட்டும். நூத்தி எண்பது கிலோ தூக்கினவ நான். ஒரு கம்பியைத் தாங்க மாட்டேனா?

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— சொல்றேன். ஆனா இங்கே கத்தக் கூடாது. அடிக்கணும்னா வீட்டுல வந்து அடி.

— சொல்லு.

— போட்டிக்குப் போன காலத்துல வெள்ளிக்கிழமை தவறாம ஒரு ஊசி மருந்து பாட்டில் கொண்டு வருவேனே, விட்டமின்னு. அது விட்டமின் இல்லை.

— ம்.

— ஆம்பளை ஹார்மோன். எங்க ஜிம் மாஸ்டர் குடுத்தது. லேபிளை வெந்நியில ஊறவச்சு உரிச்சுடுவேன். மருந்துக் கடையில விட்டமின் பாட்டில் ஒண்ணு வாங்கி, அந்த லேபிளைப் பசை தடவி இதுல ஒட்டுவேன். அஞ்சு வருஷம்! பின்பக்கம் போட எனக்குக் கை எட்டாது, தோள் அவ்வளவு பெரிசாப் போச்சு. ஜிம்ல ஆம்பளைங்க கையால போட்டுக்கக் கூச்சம். நீ அப்பத்தான் நர்ஸா வேலைக்குச் சேர்ந்திருந்தே. உன்கிட்டயே பொய் சொல்லி, உன் கையாலேயே போட வச்சேன். திட்டேன்.

— நிறுத்தினதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னுதானே இருந்தேன்...

— நானும்தான். ஆனா சதை மட்டும்தான் போச்சு. குரல் திரும்பலை. உச்சந்தலை முடி திரும்பலை. கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க மாமா எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே எழுந்து தாடியை மழிச்சுடுறேன்.

— தினமுமா?

— தினமும். பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு. அவளுக்குச் சுத்தம் ஜாஸ்தின்னு அவர் பெருமையா ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியுறார்.

— ஐயோ அக்கா.

— குழந்தைக்காக எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம்? கடைசியில என்கிட்டதான் கோளாறு, காரணம் தெரியலைன்னு எழுதிக் குடுத்தாங்க. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “உன் மேல ஒரு தப்பும் இல்லை”ன்னார். நானும் தலையை ஆட்டினேன். அந்த மனுஷன் முன்னாடி, கல்லு மாதிரி உட்கார்ந்து, தலையை ஆட்டினேன்டி.

— இத்தனையும் முழுங்கிக்கிட்டா இருந்தே? என்கிட்டகூடச் சொல்லாம?

— உன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? ஊசி ஆரம்பிச்சு ரெண்டே மாசத்துல முதல் கப்பு. அப்பா அதை மடியில வச்சுக்கிட்டே தூங்கிட்டார், ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அன்னைக்கே நான் வாயைத் திறந்திருக்கணும்.

— நீ என்னத்தைத் திறப்பே? உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. அதான் டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டேன்கிறேன். சொன்னா அடுத்த கேள்வி என்ன? “யார் ஊசி போட்டது?” நீ இங்கேயே வேலை பார்க்கிறே. சட்டையில பேரைக் குத்திக்கிட்டு எதிர்ல நிக்கிறே. உன்னை விட்டுவைப்பாங்களா? ஏமாத்தினது நான், மாட்டுறது நீயா?

— என் வேலைக்காக நீ நெஞ்சுல கம்பி விட்டுக்கப் போறியா? பைத்தியமா உனக்கு?

— கம்பி வலிக்காது குட்டி. எனக்கு எது வலிக்குது தெரியுமா? நீ எவ்வளவு ஆசையாப் போடுவே! குளிர் நாள்ல பாட்டில் சில்லுன்னு இருக்கும். அதை ரெண்டு உள்ளங்கையிலயும் பொத்தி வச்சு, ஊதி ஊதிச் சூடு பண்ணுவே. “இரு, சூடு பட்டா சுலபமா இறங்கும்”பே. அப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு அறுபது வரைக்கும் எண்ணி, அவ்வளவு மெதுவா இறக்குவே. நான் தலைகாணியில முகத்தைப் புதைச்சுக்கிட்டு அழுவேன். ஊசிக்கு அழுறேன்னு நீ நினைச்சிருப்பே. இப்படிப் பாசமா இருக்கிறவளை ஏமாத்துறோமேன்னு அழுவேன்.

— போதும், நிறுத்து.

— கண்ணைத் துடை. யூனிஃபார்ம்ல அழுதா யாரோ செத்துட்டாங்கன்னு நினைப்பாங்க.

— அக்கா, போன மாசம் காய்ச்சல்னு ஒரு வாரம் என் வார்டுலதானே படுத்திருந்தே? எத்தனை பேருக்கு விட்டமின் ஊசி போட்டேன், பார்த்தே இல்லை? யாருக்காவது பாட்டிலைக் கையில பொத்திச் சூடு பண்ணினேனா?

— அவங்க என்ன உன் கூடப் பிறந்தவங்களா?

— அதுக்கில்லை அக்கா...

— டாக்டர் வர்றார். வாயை மூடிக்கோ. நான் பேசிக்கிறேன்.

— என்ன சிஸ்டர், உங்க அக்கா ஏதாவது சொன்னாங்களா? நாளைக்குக் காலையிலேயே வச்சுக்கலாமா?

— வச்சுக்கலாம் டாக்டர். நான் எந்த மருந்தும் எடுத்துக்கலை. இவளுக்கும் ஒண்ணும் தெரியாது, சின்னப் பொண்ணு. சும்மா பயந்து அழுறா.

— சிஸ்டர்? நீங்க என்ன சொல்றீங்க?

— கம்பி வேண்டாம் டாக்டர், எழுதிக்கோங்க: அஞ்சு வருஷம், வாராவாரம் ஆம்பளை ஹார்மோன் ஊசி. போட்டது நான். அக்கா, என் கையை விடு... விட்டமின் தண்ணி மாதிரி இருக்கும், அதை யாரும் சூடு பண்ண மாட்டாங்க. இந்த ஹார்மோன் மாதிரி எண்ணெய் மருந்தைத்தான் சூடு பண்ணிப் போடுவாங்க. அது முதல் பாட்டில்லயே எனக்குத் தெரியும்.