காய்ந்துபோன பல்செட்

என் பெயர் முதல் தாளில் உள்ளது. தெருவில் பல்லழகி என்று கேட்டால்தான் தெரியும். வயது ஐம்பத்திரண்டு என்றேன், எழுதும் காவலர் நிமிர்ந்து பார்த்ததால் ஐம்பத்தைந்து. பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் பல்செட் செய்யும் பட்டறை வைத்து, அங்கேயே கணவருடன் குடியிருக்கிறேன்.

சந்தையில் ஏலம் கூவி ஏலக்காரர் என்றே பேராகிவிட்ட பெரியவருக்குப் பல்செட் செய்து கொடுத்தது நான்தான். அவரும் நானும் பேச உட்கார்ந்தால் தெருவில் ஒருவர் மானமும் மிஞ்சாது. மனைவி இறந்து மகன் வீட்டுக்குப் போனபின் அவர் பட்டறைக்கு வருவது நின்றுவிட்டது. அதன்பின் போன திங்கட்கிழமை மகன் அந்தச் செட்டைப் பையில் கொண்டுவந்து, சொந்தக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், அப்பா வாயில் இது உட்காரவில்லை, சரிசெய்து கொடுங்கள் என்றார். செட் காய்ந்து கோணியிருந்தது. கழற்றினால் தண்ணீரில் போடவேண்டிய பொருள். இது நெடுநாளாக வாயிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. வாயைப் பார்க்காமல் அரத்தால் ராவ முடியாது என்று சொல்லி அவருடனேயே போனேன்.

பெரியவர் இருந்த அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். ஆள் பாதியாகியிருந்தார். "என்னண்ணே, மாப்பிள்ளையாகப் போறீங்களா, இப்படி எளைச்சிருக்கீங்க?" என்று வழக்கம்போல் கேட்டுவிட்டேன். அதன்பிறகுதான் மேல்கையில் விரல் பதிந்த நீலத்தைப் பார்த்தேன். மகன் தண்ணீர் எடுக்கப் போனதும், ராவிய செட்டை வாயில் பொருத்தினேன்.

"பல்லு இருந்தா சத்தம் போடறேனாம்மா. அதான் பீரோல வெச்சுப் பூட்டிட்டான்" என்றார். சாப்பாடு எப்படி என்றதற்கு, "கரைச்சுக் குடுக்கறதுக்குப் பல்லு எதுக்குங்கறான். நீ யார்கிட்டயும் சொல்லிடாத. எம் புள்ள" என்றார்.

அதன்பின் வெளியே வந்து, தெருமுனையில் நின்று முதியோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஊர்க்கதையெல்லாம் கொட்டுகிற வாய், அந்த வீட்டு விலாசத்தைச் சொல்லக் குழறியது.

அங்கிருந்து வந்த அதிகாரி அம்மா என்னையும் உள்ளே கூட்டிப்போய், "ஐயா, இனிமே யார்கூட இருக்கீங்க?" என்று கேட்டார். பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் கைப்பேசியைப் பார்த்தார். அதன்பின் பெரியவர், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒருதரம்" என்றார். சற்றுப் பொறுத்து, "ரெண்டுதரம்" என்றார். மூன்றாவது வருமுன் நான் கையைத் தூக்கினேன்.

இப்போது எங்கள் முன்னறையில் இருக்கிறார். படுக்கும்போது செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடச் சொன்னால் கேட்பதில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு தூங்குகிறார்.

இவ்வளவும் நான் கண்டதும் கேட்டதும்தான். கூட்டிச் சொல்வது என் பழக்கம், இதில் ஒன்றும் கூட்டவில்லை. படித்துக் காட்டக் கேட்டுக் கையெழுத்திட்டேன்.