முதலில் காலியாகும் பானை

அரிசிம்பருப்புச் சோற்றுக்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கக் கூடாது. உரித்து முழுசாகப் போட வேண்டும். நறுக்கினால் கரைந்து காணாமல் போய்விடும். முழுசாகக் கிடந்தால் சோற்றோடு வெந்து, வாயில் வைத்ததும் உடையும். அரிசி மூன்று பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு, பூண்டு, சீரகம், வரமிளகாய், கொஞ்சம் மஞ்சள். தனியாகக் குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம். எல்லாம் ஒரே பானைக்குள் வேக வேண்டும். பக்குவம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் சங்ககிரிக்குக் கிழக்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், பொங்கல் வைத்த மறுநாள், வீட்டுக்கு ஒரு பானை அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிக் கோவில் வாசலுக்குக் கொண்டு போவோம். பானைகளை வரிசையாக வைத்துவிடுவார்கள். சனம் இலையை ஏந்திக்கொண்டு பிடித்த பானையில் வாங்கிச் சாப்பிடும். தீர்ப்புச் சொல்ல யாரும் கிடையாது. எந்தப் பானை முதலில் காலியாகிறதோ அதன் கழுத்தில் அம்மனுக்குச் சாத்திய மாலையைப் போடுவார்கள். விளையாட்டுக்குச் செய்வதுதான். தோற்றவர்கள் ஜெயித்தவளைக் கேலி செய்துகொண்டே அவள் பானையில் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்பார்கள்.

ஒன்பது வருஷம் அந்த மாலை என் பானைக்குத்தான் வந்தது. என் வீட்டுக்காரர் சின்னண்ணன் தங்கமான மனுஷர். இரண்டு பையன்கள். கோடையிலும் வற்றாத கிணறு. எனக்கு ஏதோ மனக்குறை இருந்தது, அதனால்தான் இப்படிச் செய்துவிட்டாள் என்று யாராவது எனக்காகப் பேசினால் நம்பாதீர்கள். ஒரு குறையும் இல்லை.

வள்ளியாத்தாள் என் கொழுந்தன் வேலுமணியின் பெண்டாட்டி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல், அடுப்பு மட்டும் தனித்தனி. நான் சமைப்பதை எட்டிப் பார்த்துப் பார்த்தே பழகினாள். பிறகு அவளாக ஒன்று சேர்த்தாள். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி, நெய்யில் சிவக்க வறுத்து, இறக்கும்போது கொட்டி மூடிவிடுவாள். பத்தாவது வருஷம் அவள் பானைதான் முதலில் காலியானது. மாலையைப் போட்டார்கள். அவள் அதைக் கழற்றிக்கொண்டு வந்து என் பானையில் போட்டாள்.

"இது உங்களுதுதானுங்கக்கா. உங்க அடுப்பப் பாத்துத்தான நா பழகுனேன்."

ஊரே அவளை மெச்சியது. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் மாலையை வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த வருஷம் ஜெயித்துக் காட்டியிருப்பேன், அத்தோடு தீர்ந்திருக்கும். விட்டுக்கொடுத்துவிட்டாள். அதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மொத்தக் காரணமும் இவ்வளவுதான்.

அடுத்த நோம்பி, இந்த உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். பானையை இறக்கிய பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடுதான் அதைத் தூக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் முன்னமே குளித்துவிட்டேன். வள்ளி பானையை இறக்கி மூடினாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாத்துக்கங்க. தண்ணி வாத்துக்கிட்டு வாரேனுங்க."

பார்த்துக்கொண்டேன். எங்கள் குதிருக்குப் பின்னால் இரண்டு நாளாக ஒரு பல்லி செத்துக் கிடந்தது. நான் கொல்லவில்லை. அதை எடுத்து வந்து அவள் பானைக்குள் அகப்பைக் காம்பால் பாதி ஆழத்துக்கு அழுத்தி, மேற்சோற்றைச் சமப்படுத்தி மூடினேன். மேலாக வைத்தால் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். வருகிற வழியில் விழுந்திருக்கும் என்று சொல்லி வேறு சோறு ஆக்கிவிடுவாள். நாலு பேர் தின்ற பிறகு கிடைத்தால்தான் அவள் கைச்சுத்தம் பேச்சாகும்.

பல்லியால் யாரும் சாகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். என் அப்பன் வீட்டில் ஒரு தடவை மோர்ப்பானை காலியான பிறகுதான் அடியில் பல்லியைப் பார்த்தோம். ஒருத்தருக்குத் தலைவலிகூட வரவில்லை. ஆனால் ஊர் அதை விஷம் என்றுதான் நம்பும். அதுவும் எனக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தும், வள்ளியின் மகள் ராமாயியை அந்தப் பானைப் பக்கம் நான் விடவில்லை. மூன்று வயசு. என் பையன்களைவிட எனக்கு அவளிடம் ஒட்டுதல் அதிகம். வள்ளி பந்தல் வேலையாக அலைந்துகொண்டிருந்தாள். நான் குழந்தையைக் கோவில் மதிலுக்குப் பின்னால் தூக்கிப்போய், மடியில் வைத்து, என் பானைச் சோற்றை வயிறு நிறைய ஊட்டினேன். நெய் கேட்டாள். ஊற்றினேன்.

வள்ளியின் பானையில் பரிமாறியவன் சென்னிமலை. முப்பது பேருக்கு மேல் வாங்கித் தின்ற பிறகு அவன் அகப்பையை நிறுத்திவிட்டு, "சோத்துக்குள்ள பல்லி கெடக்குதுங்க" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் கோவில் வாசல் முழுக்க எழுந்துவிட்டது. பெரியவர்கள் உப்புத் தண்ணீரைக் குடித்து, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுத்தார்கள். குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் கொடுத்தால் விஷம் முறியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டார்கள். என் வீட்டில் இருக்கிறது என்று நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஓடினால் யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள் என்று பட்டது.

நான் ஓடும்போது இறக்கிவிட்டுப் போன குழந்தையை வள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏனுங்கக்கா, பாப்பா எம் பானையில சாப்புட்டாளுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் பெற்றவள் பானை பக்கத்திலேயே இருக்க, இந்தக் குழந்தையை மட்டும் ஏன் மறைவாகக் கொண்டுபோய் வேறு சோறு ஊட்டினாய் என்று யாராவது கேட்டுவிட்டால்? இப்போது யோசித்தால், அந்த அமளியில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்போது கேட்பார்கள் என்று தோன்றியது.

"ரெண்டு வாய் வாங்குச்சு அம்மிணி" என்றேன்.

வள்ளி பால் புகட்டும் சங்கில் எண்ணெயை ஊற்றி வாயருகே கொண்டுபோனாள். குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டது. தலையைத் திருப்பியதில் பாதி எண்ணெய் சிந்தியது.

"உங்க கையின்னாத்தான் வாயத் தொறப்பா. நீங்களே குடுத்துருங்கக்கா."

வாங்கிக்கொண்டேன். மற்றக் குழந்தைகளுக்கு அரைச் சங்கு கொடுத்தார்கள், அதையும் அவை உடனே கக்கிவிட்டன. ராமாயிக்கு மூன்று சங்கு போனது. முதல் சங்கைத் துப்பினாள். அடுத்ததற்கு மூக்கைப் பிடித்தேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. குறைத்துக் கொடுத்தால் எனக்கு அக்கறை இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? "கசக்குது பெரீம்மா" என்றாள். "ஆச்சு சாமி, இன்னொரு வாய்தான்" என்றேன். நான் சொன்னதால் விழுங்கினாள்.

மத்தியானம் அசந்து தூங்கினாள். பிறகு வாந்தி எடுத்தாள். பிறகு கை கால் இழுக்க ஆரம்பித்தது. வேலுமணி வண்டி பூட்டினார். சங்ககிரி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள், வெயில் தாழ்வதற்கு முன்பே, வள்ளியின் மடியில் உயிர் அடங்கிவிட்டது.

அந்தப் பானையில் தின்ற முப்பது பேரும் மறுநாள் காட்டு வேலைக்குப் போனார்கள். தின்னாத ஒருத்திதான் செத்தாள். அவள் வயிற்றில் இருந்தது என் பானைச் சோறும், என் கையால் போன எண்ணெயும்தான். அது எனக்கு மட்டும் தெரியும். பிஞ்சு உடம்பு, பல்லி விஷத்தைத் தாங்கவில்லை என்று ஊர் சொல்லிக்கொண்டது. வள்ளி அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். "என்ற கையாலயே கொன்னு போட்டனுங்க" என்று ஒப்பாரி வைத்தவளை நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றையிலிருந்து அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் நானே ஆக்கினேன். "ஊர்ல எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்கறாங்க, அக்கா ஒருத்திதான் ஒரு சொல்லும் சொல்லலை" என்று வேலுமணியிடம் சொல்வாளாம். அடுத்த மூன்று வருஷமும் மாலை என் பானைக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். பிறகு வாங்கிக்கொள்வேன். செய்ததை நினைத்துக்கூட ஒரு நாள் இரண்டு நாள் தூங்கியிருக்கிறேன். அந்த மாலைகளை வாங்கிக்கொண்டு நின்றதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. இப்போது சண்டையால் அரிசி கிடைப்பதில்லை, பானை வைப்பதே நின்றுபோயிற்று.

வள்ளிக்கு இந்தத் தையில் ஒரு பையன் பிறந்தான். பால் கொடுக்கவே பயப்படுகிறாள். கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள், தோல் உரிந்துவிட்டது. இப்படியே போனால் இந்தப் பிள்ளையும் தேறாது, அவளும் தேறமாட்டாள். அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை அவள் வீட்டுக்குள் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"நா மொதல்ல சொல்லிர்றேனுங்கக்கா" என்று அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அந்தச் சங்கை உங்க கையில குடுத்து, நீங்க தூக்கி வளத்த புள்ளைக்கு உங்களையே ஊத்த வெச்சுப்போட்டேன். அவ சாவுல உங்க கையையும் சேத்துட்டேன். அஞ்சு வருசமா உங்க மொகத்தப் பாக்க முடியலீங்க. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. அப்பத்தான் இந்தப் பையனையாச்சும் என்னால தொட முடியும்."

பையன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"மன்னிச்சுட்டேன் அம்மிணி, அழுவாத" என்றேன்.