பனிக்கட்டிமேல் வைத்த ஆணி

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் ஆய்வக இயக்குநர் டாக்டர் ஓபோ அவர்களே, அருட்தந்தை அவர்களே, மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, எக்போமா மருத்துவமனையிலிருந்து சீருடையோடே வந்து அமர்ந்திருக்கும் செவிலியர்களே, அனைவரையும் வணங்குகிறேன். பெயரை மூன்றுமுறை அழைத்த பிறகே நான் எழுந்து வந்ததை முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். துக்கம் என்று நினைத்திருப்பீர்கள். பயம், ஐயா! ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பேராசிரியர் இசேஹி அகிக்பே! லாசா காய்ச்சலுக்கு மருந்து தேடிப் பதினோரு ஆண்டுகள் ஒரே மேசையருகே நின்ற வேதியியலாளர்! வறண்ட காற்று வீசத் தொடங்கினாலே, எலி பரப்பும் அந்தக் காய்ச்சலுக்கு அஞ்சி நாமெல்லாம் மாவுப் பானையை இறுக மூடுவோமே. எலி ஓடிய மரவள்ளி மாவைத் தின்ற வீட்டில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள்? அம்மையாரின் தம்பி மிஞ்சவில்லை. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான வேதித் துண்டைப் போலவே ஒரு போலித் துண்டைச் செய்து அதை ஏமாற்றுவதுதான் அவருடைய வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு போலிகள் தோற்றன. அடுத்தது சோதனை எலிகளைப் பிழைக்க வைத்தது. அவருடைய உதவியாளனான நான் துள்ளிக் குதித்தேன்.

"எஹிமென், எலி பொழச்சதுக்கு இந்த ஆட்டமா? நீ என்ன எலிக்குச் சொந்தக்காரனா?" என்றார்.

அவரைப்போல் பயந்தவரை நான் கண்டதில்லை. அந்த மருந்து உறைந்தே இருக்க வேண்டும். உருகி மறுபடி உறைந்தால் பார்வைக்கு அப்படியே இருக்கும்; உள்ளே போனால் கல்லீரலைத் தின்றுவிடும். நம் ஊர் மின்சாரத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? ஆகவே உறைபெட்டிக்குள் ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஓர் ஆணியை வைத்தார். நாம் இல்லாதபோது எல்லாம் உருகிப் பிறகு உறைந்திருந்தால் ஆணி அடியில் கிடக்கும். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டார்.

"நல்லா சிரிங்க சார். நீங்க குடுத்த சூடு அளக்குற மிஷினு கரண்ட்டுல ஓடுது. என் ஆணிக்குக் கரண்ட்டே வேணாம்."

ஒருமுறை ஆணி அடியில் கிடந்தது. ஐந்து மாத உழைப்பை யோசிக்காமல் அழித்தார். நான் அழுதேன். "அழுது முடிச்சிட்டு வா. குடுவையெல்லாம் கழுவணும்" என்றார்.

சென்ற செவ்வாயன்று அந்த மேசையருகிலேயே சாய்ந்தார். எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஜெனரேட்டர் போடுபவரும் ஓடிவந்தார். மின்சாரம் எப்போது போனது, எப்போது வந்தது என்று பார்க்க அங்கே யாருமில்லை. மறுநாள் காலை முதலில் உறைபெட்டியைத் திறந்தவன் நான். ஆணி குவளையின் அடியில் கிடந்தது.

பெட்டிக்குள் இருந்தது என்ன? மனித உடம்பில் முதன்முதலாகச் செலுத்தவிருந்த ஆறு குப்பிகள்! வரும் திங்களன்று ஊசி. மறுபடி செய்ய ஒன்பது வாரமாகும். இந்தக் காய்ச்சல் காலம் கைவிட்டுப் போய்விடும். இன்னும் எத்தனை பிணம் விழும்? அம்மையாரின் பெயர் என்னாகும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? வேறொரு குவளையை உறையவைத்து, ஆணியைத் துடைத்து அதன்மேல் வைத்தேன்.

இயக்குநர் ஒன்றுதான் கேட்டார். "ஆணி எப்படிப்பா இருக்கு?"

"மேலதான் சார் இருக்கு."

அதை நம்பி, ஊசிக்கு அனுமதி தந்து கையெழுத்திட்டார். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் போட்டுக்கொள்ளத் தாமாக முன்வந்த ஆறு பேரும் இதோ இந்தச் செவிலியர்கள்தாம். மூன்றாம் வரிசையில் இருக்கும் ஒஃபுரே, சற்றுமுன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இல்லையாடின்னு எல்லாரும் கேக்கறாங்க அண்ணே. எனக்கென்ன பயம்? நம்ம அம்மா செஞ்ச மருந்துதானே?"

அன்பர்களே! மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதிகூறி அமர்வது வழக்கம். நான் கூறும் உறுதி இது. இன்று மாலையே அந்த ஆறு குப்பிகளையும் எல்லோர் முன்னிலையிலும் அழிப்பேன். என்னை வைத்துக்கொண்டால் நாளையே முதல் படியிலிருந்து தொடங்குவேன். விலக்கினால் செய்முறை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன். டாக்டர் ஓபோ அவர்களே, உங்களிடம் பொய் சொன்னேன். இந்த ஒன்பது வாரத்தில் பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறவர்கள் என்னைச் சபிப்பார்கள்.

ஒஃபுரே, திங்கக்கெழம வராதம்மா.