பதினேழு அங்குல வீலும் பொன்மணிக் கல்லும்

டயருக்குக் காற்று பிடிக்கக் காலை நேரம்தான் நல்லது. வண்டி ஓடிச் சூடேறிய பிறகு பிடித்தால் மீட்டர் பொய் சொல்லும். கோவில்பட்டி பைபாஸ் ஓரம் கடை போட்ட நாளிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. நீங்களும் மத்தியானம் கொதிக்கிற வெயிலில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் உங்களுக்கு என்னைத் தெரியும். சண்முகராஜ் அளவு தப்பி ஒரு வீல் மாட்டமாட்டான் என்று ஊரில் நாலு பேரைக் கேட்டால் சொல்வார்கள்.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு ஒன்றும் தயக்கம் இல்லை. ஆனால் அளவிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும். இல்லாவிட்டால் நான் ஏதோ வெறி பிடித்து ஆடியவன் போல ஆகிவிடும்.

போன வருஷம் ஐப்பசி மழையில் என் பெண்டாட்டி பொன்மணி எட்டயபுரம் ரோட்டில் செத்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவளை, ரோட்டைவிட்டு இறங்கி ஒரு கார் அடித்தது. அடித்தவன் பின்னால் எடுத்தான். எடுக்கும்போதும் அவள் மேல்தான் ஏறி எடுத்தான். அவளுடைய முகத்தில் பாதியைத்தான் எனக்குக் காட்டினார்கள். மீதியை நானே துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்க வெகு நாளாயிற்று.

பார்த்த சாட்சி கிடையாது, மண்ணில் கிடந்த தடத்தை வைத்துத்தான் இவ்வளவும் தெரிந்தது. கார் சிக்கவில்லை. நீங்கள் தேடவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் கரிசல் மண் இருக்கிறதே, ஈரத்தில் எது மிதித்தாலும் அப்படியே வாங்கிக்கொள்ளும். நாலு நாள் வெயில் அடித்தால் இறுகிவிடும். அவள் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் டயர் பதிந்த அச்சு அச்சாகவே இருந்தது. நான் அதில் சிமெண்டு ஊற்றி எடுத்தேன். டயரில் ஒரு முழம் வெட்டி எடுத்தது போல, ரோட்டைப் பிடிக்கிற பட்டன் வரியெல்லாம் தெளிவாகத் தெரிய, கல்லாக வந்தது. தொலைந்துவிடக் கூடாது என்று அதே இடத்தில் நட்டு, மேலே ஒரு தகரம் போட்டேன்.

அதற்குள் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வழியில் அநியாயமாகச் செத்த பொம்பளை, நட்ட கல் வேறு. ஒருத்தி மஞ்சள் பூசினாள், ஒருவன் சிவப்புத் துணி கட்டினான். பொங்கலுக்குள் அது பொன்மணித்தாய் ஆகிவிட்டது. வாகனத்துக்குக் காவல் நிற்கிறாளாம். லாரிக்காரர்கள் இறங்கிக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். புது வண்டி எடுத்தவர்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போகிறார்கள். அவளைக் கொன்ற டயரைத்தான் கும்பிடுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. பூ வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்லை அளந்ததில் எனக்குக் கிடைத்தது 225. அகலம், மில்லிமீட்டரில். பட்டன் அம்பு மாதிரி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரிகிற வகை. குடும்பத்தோடு குற்றாலம் போகிறவன் அதைப் போடமாட்டான். கம்பெனி வீலைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆசைப்பட்டு வேறு மாட்டிக்கொள்கிற ஸ்போர்ட்ஸ் கார்க்காரன்தான் போடுவான். இந்தப் பக்கத்தில் அப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒருநாள் என் கடைக்கு அவன் வந்தே தீரவேண்டும். காத்திருந்தேன்.

இந்தப் புரட்டாசியில் ஜெயபாண்டி வந்தான். எட்டயபுரத்துப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பையன். சிவப்பு நிறத்தில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், பெங்களூரில் கைமாற்றி வாங்கியதாகச் சொன்னான். பணிவான பிள்ளை, அதை நான் மறுக்கவில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் அகலமா வீல் போடணும். என்ன சைஸு சொல்லுதீங்களோ அதான்" என்றான்.

எட்டயபுரம் ரோட்டில் அடிக்கடி போவாயா என்று கேட்டேன்.

"போவாம என்ன, அது எங்க ரோடுல்லா."

எங்க ரோடு என்றான், ஐயா. நீங்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வண்டியில் கம்பெனி போட்டிருந்தது பதினைந்து அங்குல வீல், 195 டயர். அகலம் கூட்டினால் டயரின் பக்கச்சுவர் உயரத்தைக் குறைக்க வேண்டும். தரையிலிருந்து மொத்த உயரம் மாறவே கூடாது. மாறினால் ஸ்பீடு மீட்டர் தப்பாகக் காட்டும், திருப்பும்போது டயர் உள்ளே உரசும். அந்த வண்டிக்குச் சரியானது பதினாறு அங்குல வீலும் 205 டயரும். வேறு யார் வந்திருந்தாலும் அதைத்தான் மாட்டியிருப்பேன். அவனுக்குப் பதினேழு அங்குல வீலும் 225 டயரும் சொன்னேன்.

"அது உரசாதா அண்ணாச்சி?" என்று அவனே கேட்டான்.

"நான் போடுதேன்லா" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். என் பேருக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு இருந்தது.

அம்பு பட்டன் டயரை மதுரையிலிருந்து வரவழைத்தேன். முதலில் வந்ததில் கோடு கொஞ்சம் சாய்வாக இருந்தது, திருப்பி அனுப்பினேன். இரண்டாவது வந்தது கல்லில் இருந்ததேதான். மாட்டும்போது பக்கத்துப் பஞ்சர் கடை அப்துல் வாஹித் வந்து நின்று பார்த்தார். அந்தக் கல்லை நடும்போது என்னோடு தூக்கிப் பிடித்தவர் அவர்தான்.

"என்ன அண்ணாச்சி செய்யுதீங்க? இந்த வண்டிக்கு இது சேராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் பாய்."

"இந்தப் பட்டனு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்தப் பய வரும்போது இந்த டயரோட வரலியே. நீங்கதான மாட்டுதீங்க" என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாஹித் பாய்க்கு எதையும் முழுசாக யோசிக்கத் தெரியாது. தடயத்தை மாற்றிவிட்டுத்தானே வருவான்? அதே டயரோடு என் கடை வாசலில் வந்து நிற்க அவன் என்ன மடையனா?

மறுநாள் காலையில் காற்று பிடித்துவிட்டு, ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். அவனே சொன்னான், "புது வீலு, பொன்மணித்தாய்ட்ட எலுமிச்சம்பழம் வச்சு எடுத்துருவோம் அண்ணாச்சி" என்று. இரவு பெய்த மழையில் ரோட்டோரம் களியாகக் கிடந்தது. திருப்பங்களில் டயர் உள்ளே உரசி அழுதது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பழகிரும்" என்றேன். நம்பினான்.

வண்டியை ரோட்டைவிட்டு ஈர மண்ணில் இறக்கச் சொன்னேன். டயர் பதிந்த இடத்தில் கல்லைப் பெயர்த்து வைத்துப் பார்த்தேன். சாமியை ஏன் எடுக்கிறீர்கள் என்று பதறினான். கல் பொருந்தியது. அதைத் திரும்ப நட்டேன். அவன் கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டான். குற்றம் செய்தவன்தான் அப்படிக் கும்பிடுவான்.

"இந்தத் தாயி யாரு அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"என் வீட்டுக்காரி" என்றேன்.

அவன் முகம் அப்படியே வெளிறிப்போயிற்று. "ஐயோ அண்ணாச்சி, எனக்குத் தெரியாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை சில்லென்று இருந்தது. எனக்கு அது போதும்.

மூன்று சக்கரத்துக்குப் பழம் வைத்துவிட்டு, நாலாவதாக முன்சக்கரத்துக்குக் குனிந்தான். நான் வீல் ஸ்பேனரால் காதுக்குப் பின்னால் ஒரு அடி அடித்தேன். மண்டை தேங்காய் பிளக்கிற மாதிரி பிளந்துவிட்டது. விழுந்தவன் சாகவில்லை, மண்ணை விரலால் பிறாண்டினான், அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டான். இன்னொரு அடி போட்டால் முடிந்திருக்கும். ஆனால் பொன்மணிக்கு நடந்தது அப்படி இல்லையே. தலை சக்கரத்துக்கு நேராக வரும்படி தோளைப் பிடித்து இழுத்து வைத்தேன். சாவி வண்டியில்தான் இருந்தது. முன்னால் ஏற்றினேன், அப்புறம் பின்னால் எடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் நன்றாகக் கேட்டது. மற்றச் சத்தமும் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். இவன் முகத்தில் பாதிகூட இல்லை.

பஸ் பிடித்து வந்து கடையைத் திறந்தேன். நீங்கள் வரும்வரை வண்டிகளுக்குக் காற்று பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. செய்தவன் நான்தான். நான் மட்டும்தான். வாஹித் பாயை இதில் இழுக்காதீர்கள்.

அவன் அம்மா சீனித்தாய் உங்களிடம் வந்து அழுததாகச் சொன்னீர்கள். போன ஐப்பசியில் மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான், இந்த வண்டியே அப்போது கிடையாது என்றாராம். இருக்கலாம், பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் இல்லை. நான் பேச்சை நம்புகிறவன் இல்லை, அளவை நம்புகிறவன்.

வைத்ததும் கல் பொருந்தியதா என்று கேட்டீர்கள். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முதலில் பொருந்தவில்லை. கல் அச்சைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக நின்றது. ஒரு வருஷம் காத்திருந்து, இவன் இல்லையென்றால் நான் யாரிடம் போவேன்? அப்புறம்தான் ஞாபகம் வந்தது, காலையில் நானே காற்றை முழுசாகப் பிடித்திருந்தேன், அப்படியிருந்தால் டயர் குறுகித்தான் பதியும். கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி உருட்டச் சொன்னேன். போதவில்லை. இன்னும் இறக்கினேன். "எவ்வளவுதான் எறக்குவீங்க அண்ணாச்சி, டயரு சப்பிப்போச்சே" என்று சிரித்தான். அடுத்த தடவை கல் அச்சில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஐயா. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.