இரண்டு குழந்தை சீட்டு வைத்த கார்

“மடியில வெச்சுக்கலாம்னுதான் நான்—”

“மடியிலயா? எத்தன தடவ சொன்னேன், குழந்தை சீட்டு இருக்கிற காரா பாருங்கன்னு—”

“நம்ம ஊர்ல எல்லாம் மடியிலதானே—”

“இது நம்ம ஊரா?”

நள்ளிரவு தாண்டிய நேரம். விமான நிலைய வாசலில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு நின்றார்கள், என் சிநேகிதியின் நாத்தனாரும் அவள் புருஷனும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது குரலை உயர்த்திச் சொல்கிற கதை இல்லை. இதைச் சொல்லும்போது நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டாளாம். பயத்தில் இல்லை… அவமானத்தில்.

அவர்கள் போய் இறங்கிய அந்த வெளிநாட்டு ஊரில் கைக்குழந்தையானாலும் தனி சீட்டில் கட்டித்தான் காரில் ஏற்ற வேண்டும். இவர்கள் சொல்லி வைத்த கார் வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று.

“சீட்டு வேணும்னு சொல்லலியேம்மா. நான் ஏத்த மாட்டேன்.”

போயே போய்விட்டார். அடுத்து வந்தவரும் அதேதான். சின்னவனுக்கு அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. பெரியவள் பெட்டிமேல் உட்கார்ந்து தூங்கி வழிந்தாள். மழைச் சாரல் வேறு.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. பின்னால் இரண்டு குழந்தை சீட்டு, தயாராக.

“ரெண்டு சீட்டு கேட்டது நீங்கதானே?”

“இல்லீங்க, அது வந்து…” என்று இழுத்தார் புருஷன்.

“நாங்கதான்,” என்றாள் அவள்.

சொல்லும்போதே பார்த்துவிட்டாள். கண்ணாடிக் கதவோரம் ஒருத்தி. முன்னால் இரட்டைக் குழந்தைகளை வைத்துத் தள்ளுகிற வண்டி, மழைக்கு மூடி போட்டது. இந்தக் காரைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினாள்.

“பாத்துட்டுமா ஏறினே?” என்று என் சிநேகிதி கேட்டாளாம்.

“பாத்துட்டுத்தான் அண்ணி. பெல்ட்டை மாட்டறப்ப என் கைக்கு வந்த வேகம்… திருடன் கைக்குக்கூட வராது.”

டிரைவர் திரும்பினார். “சீட்டு சொன்னது இந்த ரெண்டு பேருக்குத்தானே?”

“ஆமா, இதுங்களுக்குத்தான்.”

தங்குமிடத்தை மாற்றிவிட்டோம் என்று புருஷனே வேறு விலாசம் சொன்னார். பெண்டாட்டியைத் தனியாகப் பொய் சொல்ல விடாத நல்ல மனுஷன்!

ஊருக்கு வெளியே நீளச் சாலை. வீடில்லை, கடையில்லை. வைப்பர் மட்டும் கிறீச்… கிறீச்… இரண்டு சீட்டுக்கும் நடுவில் அவள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ புளித்த பால் வாடை.

டிரைவரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். மழைச் சத்தம்… சக்கரம் உருளும் சத்தம்… ஒரு பெண் குரல்.

“குழந்தைங்க ஏறியாச்சா தம்பி?”

“ஏறியாச்சும்மா. தூங்குதுங்க.”

“பெல்ட்டு?”

“போட்டாச்சு.”

“அப்ப சரி. நீங்க போங்க… நான் நடந்தே வந்துடறேன்.”

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “யாரும்மா, உங்க அக்காவா?”

வாயைத் திறந்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம், காரைத் திருப்பச் சொல்லலாம். முன்சீட்டிலிருந்து புருஷன் தலையை ஆட்டினார்… வேண்டாம். சின்னவன் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான்.

“ஆமா… அக்காதான்.”

அடுத்த வளைவில் கார் விளக்கின் வெளிச்சம் சாலையோரத்தில் விழுந்தது. கண்ணாடிக் கதவோரம் நின்றவள்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். அத்தனை தூரம் ஓடிவந்த காருக்கு… முன்னால். மழை மூடி காற்றில் விலகிப் படபடத்தது. வண்டிக்குள் குழந்தை இல்லை. ஒன்றுகூட.

“நிறுத்தாதீங்க!” என்று கத்தினார் புருஷன்.

“நிறுத்தறதா? யாருக்கு சார்?” என்றார் டிரைவர். அவர் கண்ணுக்குச் சாலை வெறிச்சென்றுதான் இருந்ததாம்.

வாடகை அறை மாடியில். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தாழ்ப்பாள் போட்டு, அதற்கு முட்டுக்கொடுத்துப் பெட்டியையும் நகர்த்தினார்கள். குழந்தைகள் ஒரே கட்டிலில், அசையாமல் தூங்கின.

“தூக்கக் கலக்கம். வேற ஒண்ணுமில்ல,” என்றார் அவர்.

“நீங்களும்தானே பாத்தீங்க?”

அவர் பெட்டியை இன்னும் நெருக்கித் தள்ளினார். மாடிப்படியில் சத்தம். டக்… டக்… ஒவ்வொரு படியாக ஏறியது சக்கரம். கதவுக்கு வெளியே நின்றது. கதவிடுக்கு வழியே ஈர வாடை.

“ரொம்ப உபகாரம்மா,” என்றது அந்தக் குரல். கோபமே இல்லை அதில். அதுதான் தாங்க முடியவில்லையாம். “தூங்கறதுங்களை எழுப்பாதீங்க. கதவை மட்டும் திறங்க, நான் தூக்கிக்கறேன்.”

புருஷன் அவள் வாயைப் பொத்தப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள். கதவில் நெற்றியை முட்டி அழுதாள்.

“மன்னிச்சிடுங்க… நான் பொய் சொல்லிட்டேன். உங்களைப் பாத்துட்டுத்தான் ஏறினேன். இதுங்க எங்க குழந்தைங்க… எங்க குழந்தைங்கதான்…”

வெளியே சக்கரச் சத்தம். அந்த வண்டி மெல்ல முன்னும் பின்னும் அசைந்தது… அழுகிற குழந்தையை ஆட்டித் தூங்கவைப்பது போல.

“அப்ப… என் குழந்தைங்க எந்தக் கார்ல வந்துச்சும்மா?”