மூணாவது பிள்ளை

— பிரசவ லீவு மூணு மாசம்தான் தர முடியும். எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?

— ஆறு மாசம்னு சட்டத்துல இருக்கு சார். எனக்கு இதுதான் முதல் பிரசவம்.

— முதல் ரெண்டு பிள்ளைக்குத்தான் ஆறு மாசம். வீட்டுல ஏற்கெனவே ரெண்டு இருந்தா மூணு மாசம். உங்களுக்கு இது மூணாவது. புரியுதுங்களா?

— புரியல சார். நான் பெத்திருந்தா எனக்குத் தெரியாதா? அது ரெண்டும் அவரோட மூத்த தாரத்துப் பிள்ளைங்க. அந்த மகராசி போய்ச் சேர்ந்த அப்புறம்தான் நான் அந்த வீட்டுல காலெடுத்து வெச்சேன்.

— வேலைக்குச் சேரும்போது என்ன சொன்னீங்க? எனக்கு ரெண்டு பொண்ணுன்னு சொன்னீங்க. பேக்கிங் ஹால்ல யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்றாங்க.

— ஆமா, சொன்னேன். ஊர் பூரா சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அதுக்கா சார் இந்தத் தண்டனை?

— அம்மா, கத்தாத. மூச்சு வாங்குது பாரு. முதல்ல உக்காரு.

— இது யாரு?

— என் மூத்த பொண்ணு சார். டாக்டரைப் பார்த்துட்டு நேரா இங்கதான் வர்றோம்.

— பார்த்தீங்களா? இப்பவும் உங்க வாயிலிருந்து என்ன வந்துச்சு? அப்புறம் என்கிட்ட எதுக்குச் சண்டை?

— நல்லா கேட்டுக்கோங்க சார். சின்னவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தப்போ லீவு கேட்டு இதே கண்ணாடி ரூம்ல வந்து நின்னேன். இதே நாற்காலியில நீங்கதான் உக்காந்திருந்தீங்க. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

— தினம் எத்தனையோ பேர் வர்றாங்க. எல்லாத்தையுமா ஞாபகம் வெச்சுக்க முடியும்?

— நான் சொல்றேன். பெத்த பிள்ளையா இருந்தா பார்க்கலாம், மூத்த தாரத்துப் பிள்ளைக்கெல்லாம் கம்பெனி லீவு தராதுன்னீங்க. அவ மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிக்கிறப்போ நான் இங்க மாத்திரை அட்டையை டப்பாவுல அடுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு என் பிள்ளை இல்ல, இன்னைக்கு மட்டும் என் பிள்ளையா? என்ன சார் நியாயம் இது? உங்களுக்கு லாபம்னா நான் அம்மா, நஷ்டம்னா நான் யாரோவா?

— அன்னைக்கு நான்தான் சார் தங்கச்சி பக்கத்துல இருந்தேன். கண்ணைத் திறந்ததும் அம்மா எங்கன்னுதான் கேட்டா.

— நீ சும்மா இரு பாப்பா. பெரியவங்க பேசுறோம்ல.

— அவளை அதட்டாதீங்க சார். என்னை என்ன வேணா சொல்லுங்க.

— அந்த லீவு வேற, இந்த லீவு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. முழுச் சம்பளத்தோட மூணு மாசம் தர்றோம். எவன் தர்றான் சொல்லுங்க?

— உங்க கைக்காசைப் போட்டா தர்றீங்க? எண்பது நாள் வேலை பார்த்தவளுக்கே லீவு உண்டுங்குது சட்டம். நான் வருஷக்கணக்கா இங்க நிக்கிறேன். கால் வீங்கி என் செருப்பு நுழையலைன்னு அவரு செருப்பை மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன். மூணு மாசத்துல பாதி பிரசவத்துக்கு முன்னாடியே கரைஞ்சிடும். அப்புறம் பச்ச உடம்போட நான் இங்க வந்து நின்னா, அந்தப் பச்ச மண்ணை யாரு பார்க்கிறது? லாரி எடுத்துட்டுப் போனா அவரு எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது.

— நான் பார்த்துக்கிறேம்மா. ஒரு வருஷம்தானே? பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்.

— வாயை மூடுடி! பள்ளிக்கூடத்துலேர்ந்து நின்னேன்னா காலை உடைச்சுடுவேன். கேட்டீங்களா சார்? உங்க மூணு மாசம் யாரு தலையில வந்து விடியுதுன்னு பார்த்தீங்களா?

— சரி சரி, மெதுவா. ஹால்ல எல்லாரும் இங்கேயே பார்க்குறாங்க. ஒரு வழி இருக்கு.

— என்ன வழி?

— அந்த ரெண்டு பேரும் உங்க பிள்ளைங்க இல்லைன்னு என் முன்னாடி சொல்லுங்க. மேல பேசி ஆறு மாசமாப் பதிஞ்சுடுறேன்.

— இவ்வளவு நேரமும் நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினது அதானே?

— பெத்தது நீங்க இல்லைன்னு சொன்னீங்க. உங்க பிள்ளைங்க இல்லைன்னு சொல்லல. நாளைக்கே இன்ஷூரன்ஸ் கார்டுல என் பொண்ணுங்களைச் சேருங்கன்னு வந்து நிப்பீங்க. எனக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லைன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. விஷயம் முடிஞ்சுது.

— இவளை வெச்சுக்கிட்டா?

— யாரை வெச்சுக்கிட்டுச் சொன்னா என்ன? சட்டம்னா சட்டம்.

— எந்தச் சட்டம் சார் இதைச் சொல்லச் சொல்லுது? என்ன இருந்தாலும் அடுத்தவ பெத்ததுதானேன்னு எங்க அக்கா ஒரு வார்த்தை விட்டா. கூடப் பிறந்தவ. அன்னையிலேர்ந்து அவ வீட்டு வாசப்படியை மிதிக்கல நான். அதே வார்த்தையை என்னையே சொல்லச் சொல்றீங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா, இல்லையா?

— என் வீட்டை எதுக்கு இழுக்கிறீங்க? சொல்றீங்களா, மாட்டீங்களா? எனக்கு வேற வேலை இருக்கு.

— நாக்கு வரமாட்டேங்குது சார். உங்க மூணு மாசத்தையே குடுத்துத் தொலைங்க. நல்லா இருங்க.

— இதைத்தான் வந்தவுடனேயே சொன்னேன். இவ்வளவு கூச்சல் தேவையா?

— சார், நான் சொன்னா ஒத்துக்குவீங்களா?

— நீ என்ன சொல்லப் போற?

— இவங்க எங்க அம்மா இல்ல சார்.

— ஏய், என்னடி பேசுற!

— எங்க அம்மா செத்துப் போயிட்டாங்க. இவங்க எங்க அப்பா ரெண்டாவதாக் கட்டிக்கிட்டவங்க. எங்களுக்கும் இவங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. தங்கச்சிக்கும் சேர்த்து நானே சொல்றேன்.

— வேணாம்டி கண்ணு. போதும். லீவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.

— நீங்க சும்மா இருங்க சித்தி. என்ன சார், போதுமா? இல்ல, ஹாலுக்குப் போய் மைக்ல சொல்லணுமா?

— போதும் போதும். ஆறு மாசம்னே பதிஞ்சுடுறேன்.

— நாங்க போன அப்புறம் இல்ல. இப்பவே பதிங்க, நான் பார்க்கணும்.

— இந்தா, பதிஞ்சாச்சு. நல்லா பார்த்துக்கோ.

— சரி. எந்திரிம்மா. அழாத. கையை என் தோள்ல போட்டுக்கோ, வாசல்ல படி இருக்கு.